நிறைமாதமும் பொறுமையும்



சென்ற மாதம் ஓர் இரவு, இஷா தொழுது முடித்த நேரத்தில் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு இப்போது எட்டாம் மாதம்; தலைப்பிள்ளை. என் பிள்ளையின் பள்ளிக்கூடம், அத்தாவின் கண் சிகிச்சை, ஊரில் பெய்த மழை என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தவள், திடீரென்று குரலைத் தாழ்த்தி, "ராத்தா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அதன் பிறகும் சற்று நேரம் அவள் வாய் திறக்கவில்லை.

"வெளிக்குப் போனா ரத்தம் வருது ராத்தா. உட்கார முடியல. மூலமா இருக்குமோ? எனக்கு மட்டும்தான் இப்படியா?"

"இல்லம்மா, நிறையப் பேருக்கு வருவதுதான். எனக்கும் வந்தது. நாளைக்கே நர்ஸம்மாவிடம் சொல்லிவிடு, மருந்து தருவார்கள்" என்றேன். மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று எண்ணிப் பத்து நாட்கள் அதை மூடி வைத்திருந்திருக்கிறாள்.

அழைப்பு முடிந்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இவ்வாறே மூடி வைத்தவள். கேட்பதற்கு என்னைச் சுற்றிப் பெண்கள் நிறையவே இருந்தார்கள். எனக்குத்தான் நா எழவில்லை. அந்த மௌனம் என்னையும் என் மகளையும் எந்த விளிம்பு வரை கொண்டுபோனது என்பதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. என் தங்கையைப் போல் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் இப்போது எழுதுகிறேன். இதைப் படிக்கும் ஆண்கள் பாதியில் விலகிச் செல்ல வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றியதுதான் இது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்குக் கிழக்கே, கடற்காற்று எட்டும் தொலைவில் இருக்கிறது. என் மகள் வயிற்றில் உண்டானபோது கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் அடித்த அந்தக் காற்றில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மசக்கை வாந்தியோடு இருட்டில் கிடந்த அந்த நாட்களைத்தான் கர்ப்பத்தின் கடினமான பகுதி என்று எண்ணினேன். ஐந்தாம் மாதத்தில் வாந்தி நின்று முகம் தெளிந்தபோது, இனி எல்லாம் எளிது என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். பின்பாதியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அங்கிருந்துதான் உடல் வேறொன்றாக மாறத் தொடங்கியது. முதலில் நெஞ்செரிச்சல். இரவு சோறு உண்டு படுத்தால் நெருப்புத் துண்டு தொண்டைக்கு ஏறிவரும். "பிள்ளைக்கு முடி அடர்த்தியா வளருது" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சிரித்தார். பிறகு கால் வீக்கம். காலையில் சரியாக இருக்கும் செருப்பு மாலையில் நுழையாது. "நீர் கோத்திருக்கு, பார்லித் தண்ணி குடி" என்றார்கள். பிறகு நடுநிசியில் கெண்டைக்கால் சதையைப் பிடித்து இழுக்கும் வலி. பிறகு இடுப்புவலி. பிறகு மூச்சிரைப்பு; நான்கு படி ஏறினால் நின்று கொள்வேன். தும்மினால், சிரித்தால் சிறுநீர் ஒரு சொட்டு கசியும். மீண்டும் உடையைச் சுத்தம் செய்து மீண்டும் ஒளு. வயிற்றில் கோடுகள், தொப்புளுக்குக் கீழே கருத்த வரி, காலையில் எழுந்தால் விரல்களில் மரமரப்பு. ஒரு நாள் சட்டையில் ஈரம் கண்டு பதறினேன். சீம்பால் முன்கூட்டியே சிறிது கசிவது இயல்பு என்பதுகூட எனக்குத் தெரியாது.

இவையெல்லாம் ஏன் வருகின்றன என்பதை, பிள்ளை பிறந்த பின்புதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் பாதி அச்சம் குறைந்திருக்கும். கருப்பை, கர்ப்பத்துக்கு முன்பு ஏறத்தாழ 70 கிராம் எடையுள்ள சிறிய உறுப்பு. நிறைமாதத்தில், பிள்ளையும் பனிக்குட நீரும் நீங்கலாக, அது மட்டுமே ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு வளர்ந்துவிடுகிறது. தாயின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. கருப்பை மேலெழுந்து இரைப்பையையும் உதரவிதானத்தையும் தள்ளுவதால் நெஞ்செரிகிறது, மூச்சு குறைகிறது. கீழே சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அந்தப் பாரத்தால் தேங்குவதால் பாதம் வீங்குகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு குடலின் வேகத்தைத் தணிக்கிறது. அதனோடு இரும்புச்சத்து மாத்திரையும் சேர மலம் இறுகுகிறது. இறுகிய மலமும் தேங்கிய இரத்தமும் சேர்ந்ததே மூலம். இடுப்பு மூட்டுகளின் பிணைப்புகள் பேறுகாலத்துக்காக நெகிழ்வதால் இடுப்பு வலிக்கிறது. ஒன்றும் காரணமின்றி நடப்பதில்லை. பிள்ளைக்கு இடம் ஒதுக்க உடல் முழுவதும் நகர்ந்து கொடுக்கிறது.

இது தெரியாத நான், ஒவ்வொன்றையும் என் உடலின் குறை என்று எண்ணினேன். அதைவிட, என் ஈமானின் குறை என்றும் எண்ணினேன். காரணம், என்னைச் சுற்றிக் கேட்ட ஒரே சொல்: பொறுத்துக்கொள். "நாங்கல்லாம் பெக்கலையா? வயக்காட்டு வேலை செஞ்சுக்கிட்டே பெத்தோம்" என்பார் நன்னி. அவர் சொன்னது பொய்யன்று. பத்துப் பிள்ளை பெற்றவர். அவற்றில் நான்கு தங்கவில்லை என்பதை மட்டும் அவர் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை. மச்சான் சவூதியிலிருந்து இரவில் அழைத்து, "எப்படி இருக்கே?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன்" என்பேன். அவ்வளவு தூரத்தில் இருப்பவரை வருத்துவானேன் என்று நினைப்பு.

தொழுகையில் நான் எனக்குள் ஒரு பிடிவாதம் வைத்துக்கொண்டேன். எது வந்தாலும் ஒரு ரக்அத்தைக்கூட உட்கார்ந்து தொழுவதில்லை என்று. நின்றால் பாதம் விண்விண்ணென்று தெறிக்கும். சஜ்தாவில் வயிறு முட்டி மூச்சுத் திணறும். அமிலம் வாய்வரை வரும். எழும்போது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். அத்தஹிய்யாத் இருப்பில் மூலத்தின் வலி உயிர் போகும். ஓதுவது என்னவென்று மனத்தில் நில்லாது. எப்போது ஸலாம் கொடுப்போம் என்பதே நினைவு. இருந்தும் நின்றேன். அந்த ஆண்டு மே 7-ஆம் தேதி ரமலான் பிறந்தது, கத்திரி வெயிலில். எனக்கு அப்போது 32 வாரம். முதல் மூன்று நோன்பும் பிடித்தேன். நான்காம் நாள் அஸருக்குள் மயங்கி விழுந்தேன். அம்மா அழுதுகொண்டே இளநீர் கொடுத்தார். குடித்துவிட்டு நானும் அழுதேன். என் அழுகை வேறு: நோன்பு முறிந்ததே என்ற குற்ற உணர்வு.

அந்த வாரம் எங்கள் தெருப் பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்தும் ஆலிமா என்னைப் பார்க்க வந்தார். என்னைவிட வயதில் இளையவர். நோன்பைப் பற்றி நான் கேட்கவும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சலுகை நபி (ஸல்) அவர்களின் வாயாலேயே வந்தது என்றார். பின்னால் கழாச் செய்தால் போதும் என்பது ஹனஃபி சட்டம். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டவள் கழாவோடு ஃபித்யாவும் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபி சட்டம். நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம்; அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு அவர் நான் தொழுவதைப் பார்த்திருந்துவிட்டு, "நின்று தொழ முடியவில்லை என்றால் உட்கார்ந்து தொழலாமே" என்றார். "முடியாமல் இல்லை, பொறுத்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "உட்கார்ந்து தொழலாம் என்ற சலுகை எந்த நோய்க்காகக் கேட்டபோது சொல்லப்பட்டது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) என்ற நபித்தோழர் தமக்கு மூல நோய் இருப்பதைச் சொல்லி, எப்படித் தொழுவது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார் என்றும், நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் பதில் கிடைத்தது என்றும் அவர் விளக்கினார். ஸஹீஹ் புகாரியில் உள்ள செய்தி அது.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் என் அம்மாவிடம்கூடச் சொல்லாத நோயின் பெயரை ஒரு நபித்தோழர் அல்லாஹ்வின் தூதரிடமே சொல்லியிருக்கிறார். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பவும் இல்லை. அந்த ஒருவர் வெட்கத்தை விட்டுக் கேட்டதால் 1400 ஆண்டுகளாக எத்தனை நோயாளிகள், எத்தனை முதியவர்கள், எத்தனை சூலிகள் இலேசாகத் தொழுதுவருகிறார்கள்! அவர் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால்?

அன்று அஸரை நாற்காலியில் அமர்ந்து தொழுதேன். ருகூவுக்குச் சற்றுக் குனிந்து, சஜ்தாவுக்கு அதைவிடச் சற்று அதிகமாகக் குனிந்தேன். பல வாரங்களுக்குப் பின் ஓதியது மனத்தில் பதிந்தது. காரணமின்றி உட்கார்ந்து தொழும் உபரித் தொழுகைக்குத்தான் பாதிக் கூலி. இயலாமையால் உட்கார்பவருக்குக் குறைவில்லை என்று ஆலிமா சொன்னது நெஞ்சில் குளிர்ந்தது. ஆரோக்கியத்தில் செய்துவந்த அமல்களின் நன்மை நோயிலும் எழுதப்படுகிறது என்ற நபிமொழியையும் அவர் நினைவூட்டினார்.

படுக்கையிலும் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. வலப்பக்கம் சாய்ந்து உறங்குவது சுன்னத். செவிலியரோ இடப்பக்கம் படுக்கச் சொல்லியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் மல்லாந்து படுத்து விழித்துக் கிடந்தேன். உண்மையில் கடைசி மூன்று மாதங்களில் தவிர்க்க வேண்டியது அந்த மல்லாந்த நிலையைத்தான். கருப்பையின் பாரம் முதுகெலும்பின் ஓரமாகச் செல்லும் பெரிய இரத்தக் குழாயை அழுத்துவதால் தாய்க்குத் தலை சுற்றும். பிள்ளைக்குச் செல்லும் இரத்தமும் குறையும். ஒருக்களித்துப் படுப்பதே முக்கியம். இடப்பக்கம் இன்னும் சற்று நல்லது என்பார்கள். வலப்பக்கம் சாய்ந்து ஓத வேண்டியதை ஓதிவிட்டு, பிறகு இடப்பக்கம் திரும்பி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள் என்றார் ஆலிமா. இவ்வளவு எளிய பதிலுக்கு நான் ஒரு மாதம் உறக்கத்தை இழந்திருந்தேன்.

இவ்வளவு கற்றபின்பும் நான் முழுவதும் திருந்தவில்லை. தொழுகையில் சலுகையை ஏற்றுக்கொண்டேனே தவிர, வலியைச் சொல்வது குறை சொல்வதுதான் என்ற எண்ணம் உள்ளே அப்படியே இருந்தது.

ஜூன் 5 அன்று பெருநாள். அதற்கு முந்திய நாளே எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. நெற்றியில் இறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. பெருநாள் வேலை, அடுப்பு வெக்கை, உறக்கமின்மை என்று காரணம் கற்பித்துக்கொண்டேன். மோதிரம் விரலை இறுக்கியது. பெருநாள் அன்று வந்தவர்கள், "முகம் நல்லா பூசினாப்பல இருக்கு, மாசாஅல்லாஹ்" என்றார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். மறுநாள் கண் முன்னே சின்னச் சின்ன மின்மினிகள் பறந்தன. வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி. கால் வீக்கம், நெஞ்செரிச்சல், இடுப்புவலி என்று ஏற்கெனவே பொறுத்துக்கொண்டிருந்த வரிசையில் இவற்றையும் சேர்த்து வைத்துவிட்டேன். அம்மா கேட்டபோதும், "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

மூன்றாம் நாள், எங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். பெருநாள் வாரத்தில் நான் பரிசோதனைக்குப் போகாததால் தேடி வந்தவர். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தார். 160-க்கு 110. எப்போதும் எனக்கு 110-க்கு 70 தான். அதற்கு மேல் அவர் பேச்சில் நேரத்தைச் செலவிடவில்லை. 108-க்கு அழைத்தார். அத்தா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையோடு அப்படியே வண்டியில் ஏறினார். அறந்தாங்கியைக் கடந்து புதுக்கோட்டை வரை அவர் தஸ்பீஹ் ஓதும் உதடுகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

மருத்துவமனையில் சிறுநீரைச் சோதித்தார்கள், புரதம் இறங்கியிருந்தது. கர்ப்பத்தின் பின்பாதியில் வரும் இந்த இரத்த அழுத்தம் முற்றினால் வலிப்பு வரும். தாயின் ஈரல், சிறுநீரகம், மூளை எதையும் தாக்கும். பிள்ளைக்கு உணவு செல்வது குறையும். நம் பாட்டிமார்கள் காலத்தில் பேறுகாலத்தில் 'ஜன்னி கண்டு' இறந்தார்கள் என்று சொல்லப்பட்ட பெண்களில் பலருக்கு இதுவே காரணமாக இருந்திருக்கக்கூடும். பெண் மருத்துவர் என்னிடம், "தலைவலி எத்தனை நாளா?" என்று கேட்டார். நான்கு நாள் என்றேன். "ஏம்மா சொல்லல?" என்றார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. "பொறுத்துக்கிட்டேன்" என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இத எல்லாம் பொறுத்துக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசி போட ஆள் அனுப்பினார்.

வலிப்பு வராமலிருக்க மருந்து, அழுத்தம் குறைய மருந்து, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி என்று நான்கு நாட்கள் சென்றன. 37 வாரம் நிறைந்ததும் வலி வரவழைத்தார்கள். இரண்டே கால் கிலோவில் என் மகள் பிறந்தாள். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவள் ஆறு வயதுச் சுட்டி.

மருத்துவமனைப் படுக்கையில் அத்தா நிதியுதவிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ளது. "இந்தம்மா நம்ம புதுக்கோட்டைக்காரங்கதான், தெரியுமா?" என்றார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்த காலத்தில், மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றார். ஆண் மருத்துவரிடம் சொல்ல நாணி நோயை மறைத்த பெண்கள் மிகுந்திருந்த காலத்தில், ஒரு பெண் மருத்துவராக வந்து நின்றார். நூறு ஆண்டுகளுக்குப் பின், கேட்பதற்குப் பெண் மருத்துவர் இருந்தும், பெண் செவிலியர் வீடு தேடி வந்தும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனே என்று அந்தப் பெயரைப் பார்த்தபோது தோன்றியது.

சகோதரிகளே, பொறுமை என்பதை நாம் எங்கோ தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறோம். குர்ஆனில் பொறுமைக்கு எடுத்துக்காட்டு அய்யூப் (அலை). அவர்கள் தம் துன்பத்தை மறைக்கவில்லை. தம்மைத் துன்பம் தீண்டிவிட்டது என்று தம் இறைவனிடம் வாய்விட்டே முறையிட்டார்கள். அப்படி முறையிட்டவரைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்று புகழ்கிறான். மர்யம் (அலை) அவர்களைப் பேறுகால வலி ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுபோனபோது, இதற்கு முன்பே இறந்திருக்கக்கூடாதா என்று கலங்கினார்கள். அந்தக் கலக்கத்துக்கு மறுமொழியாகக் கண்டிப்பு வரவில்லை. காலடியில் நீரோடையும், உலுக்கினால் உதிரும் கனிந்த பேரீச்சம்பழமும், கவலை வேண்டாம் என்ற ஆறுதலும் வந்தன. லுக்மான் அத்தியாயத்தின் 14-ஆம் வசனமோ, தாய் பிள்ளையைச் சுமக்கும் காலத்தைப் பேசும்போது அவளுடைய பலவீனத்தை அடுக்கடுக்காக வளர்வதாகவே எடுத்துரைக்கிறது. படைத்தவனே பெயரிட்டுச் சொன்ன பலவீனத்தைச் சொல்ல நாம் ஏன் நாண வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லத் துணிகிறேன். பிள்ளைப்பேற்றில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் தகுதி உண்டு என்ற நபிமொழியை நம் வீடுகளில் சிலர், கர்ப்பிணி வலியென்று வாய் திறக்கும்போதே எடுத்துப் பேசுகிறார்கள். அது இழந்து நிற்கும் குடும்பத்துக்கு அல்லாஹ் தந்த ஆறுதல். அதே வரிசையில் நீரில் மூழ்கி இறந்தவரும் சொல்லப்படுகிறார். கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ படகிலிருந்து ஒருவர் தவறி விழுந்தால், ஷஹீத் ஆகட்டும் என்று கைகட்டி நிற்பவர் உண்டா? உயிரைப் பணயம் வைத்துக் குதிப்பார்கள். நிறைமாதக்காரிக்கும் அந்தக் குதிப்புத்தான் வேண்டும்.

ஆகவே, எதற்கு அமைதியாக இருக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். மாலையில் வீங்கிக் காலையில் வடியும் பாதம், நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் இழுப்பு, இடுப்புவலி, உறக்கக் குறைவு, வந்து வந்து மறையும் சூட்டுவலி ஆகியவை பெரும்பாலும் இயல்பானவை. கால்களை உயர்த்தி வைத்துக்கொள்வது, சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது, உண்டவுடன் படுக்காமல் இருப்பது, கீரை, பழம், நிறையத் தண்ணீர் ஆகியவை இலேசாக்கும். ஆயினும் இவற்றையும் பரிசோதனையின்போது சொல்லுங்கள். எளிய மருந்துகள் இருக்கின்றன.

ஆனால், விடாத கடும் தலைவலி, கண் மங்கல் அல்லது மின்மினி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மேல்வயிற்று வலி, இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், காய்ச்சல், உள்ளங்கையிலும் பாதத்திலும் தாங்க முடியாத அரிப்பு, பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே, அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தொட்டாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 108 இலவசம், இரவிலும் வரும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, உங்கள் மனைவி "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். தலை வலிக்கிறதா, கண் தெளிவாகத் தெரிகிறதா, பிள்ளை இன்று எத்தனை முறை உதைத்தது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். என் மச்சான் அன்று அப்படிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். மாமிமார்களே, அம்மாமார்களே, மருமகளோ மகளோ உட்கார்ந்து தொழுவதைக் கண்டால் அவளுக்கு ஒரு நல்ல நாற்காலியைத் தேடிக் கொடுங்கள்.

நேற்று தங்கை மீண்டும் அழைத்தாள். செவிலியரிடம் சொல்லிவிட்டாளாம். மருந்து கொடுத்தார்களாம், அழுத்தமும் பார்த்தார்களாம், சரியாக இருக்கிறதாம். "சொல்ல ரெண்டு நிமிஷம்தான் ராத்தா ஆச்சு" என்றாள். இப்போது அவள் மாமியே அவளுக்கு முழங்காலுக்கிடையில் வைக்கப் பஞ்சுத் தலையணை தைத்துக் கொடுத்திருக்கிறாராம். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

அவளுக்காகவும், இந்நேரம் பாரம் சுமந்து உறங்காமல் இருக்கும் எல்லாப் பெண்களுக்காகவும் துஆச் செய்யுங்கள். அல்லாஹ் அவர்களின் பாரத்தை இலேசாக்கி, சுகமாகப் பிரித்து, கண்குளிர்ச்சியான பிள்ளைகளைக் கையில் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.